பேணி ஆடாத மத்தியானம்

எங்கள் வீட்டில் புகைக்கு மரியாதை அதிகம். உரும்பிராயில் அப்பா புகையிலை நட்டார். வெட்டி வாடவிட்ட இலைகளை வீட்டுக்குத் தெற்கே இருந்த குடிலுக்குள் தூக்கிக் கட்டி, கீழே கிடங்கு வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் போட்டு மூட்டம் வைப்பார். நெருப்பு எரியக்கூடாது, புகைய வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் சோறு தின்போம். இத்தனைக்கும் அப்பா ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்தவரல்ல.

அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். புகைக்குள் இருக்கவேண்டாம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தாய் இழுக்கும் புகை இரத்தத்தோடு பிள்ளைக்கும் போகுமாம், பிள்ளை ஒழுங்காக வளராதாம். அப்பா சிரித்தார்.

"என்ரை அம்மா என்னை உந்தப் புகைக்குள்ளைதான் பெத்தவ. நான் என்ன, குறைஞ்சே போனன்?"

ஆறடி ஆளைப் பார்த்து யார் என்ன சொல்வது? அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சமைக்கப் போனார்.

எனக்கும் தம்பிக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா பாயில் சாய்ந்ததும், தேத்தண்ணி குடிக்கும் தகரப் பேணியை அவர் வயிற்றில் கவிழ்த்து வைப்பேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை வரும். பேணி துள்ளும். ஐயோ, அந்த ஆச்சரியத்தை என்னவென்று சொல்ல! முகம்கூடப் பார்க்காத ஒருவன், அம்மா தின்றதைத் தின்று, அம்மா இழுத்த காற்றில் உயிர்த்து, எனக்குப் பதில் சொல்கிறான். கோயிலில்கூட நான் அப்படி வாய்பிளந்து நின்றதில்லை.

தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கிய அன்று குடிலின் புகை முழுக்க வீட்டுக்குள் வந்தது. பேணியை வைத்தேன். ஆடவில்லை. தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அம்மா சீனித்தண்ணி குடித்துப் பார்த்தார். பேணி வைத்தபடியே இருந்தது. அப்பா உள்ளே வந்தபோது, காலையிலிருந்தே பிள்ளை துடிக்கவில்லை என்று அம்மா சொன்னார். பிறகு, குரலை உயர்த்தாமல்,

"போனமுறையும் புகை போடேக்கைதான்" என்றார்.

அப்பா குடிலுக்கு ஓடினார். வெறுங்கையால் பொச்சை இழுத்தெறிந்து, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். பாதி பதப்பட்ட இலை, ஒரு போகத்து உழைப்பு. இனி அது பழுதுதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவின் வயிற்றிலிருந்து நான் கையை எடுக்கவேயில்லை. பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தையைத் தாண்டும்போது என் உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது. நான் கத்திவிட்டேன். அப்பா சூடுபட்ட கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தம்பியின் இதயத்தை எங்களுக்கும் கேட்கவிட்டார்கள். தோட்டத்து வாட்டர் பம்ப் மாதிரி அது நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு.

குடிலில் பிறகு புகை எழவில்லை. தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று எனக்கு அந்தப் 'போனமுறை' நினைவு வந்தது. தம்பிக்கு முன் வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதானே, அப்படியென்றால் அது நான்தான். பெரிய பெருமையாக இருந்தது.

"நானும் உப்பிடித்தான் பயப்படுத்தினனானோ?" என்று கேட்டேன்.

அம்மா தம்பியின் தலையைத் தடவியபடி, "ஓம்" என்றார்.

அப்பா எழும்பி வெளியே போனார். மண்வெட்டியை எடுத்து, புகைக் கிடங்கை மூடத் தொடங்கினார். எனக்கும் தம்பிக்கும் நடுவில், வயிற்றிலேயே நின்றுபோன ஒரு பிள்ளை இருந்ததென்று அப்போது எனக்குத் தெரியாது. புதுப்பிள்ளை வந்த நாளில், அவனைத் தூக்கிக் கொஞ்சாமல், அந்தக் கிடங்கை மூட இவருக்கு என்ன அவசரம் என்றுதான் யோசித்தேன்.