தலையோடு பேசும் குடல்

பெருங்குடல் அழற்சியோடு பத்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். வலி நின்றால் மாத்திரையையும் நிறுத்திவிடுவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த நோய்க்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று படித்த வாரமே, ஈப்போ மார்க்கெட்டில் காரை நிறுத்திய இடம் மறந்துபோனது. பதறிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"இங்கேருந்து தஞ்சோங் மாலிம் போற வழியில எங்கெங்க கழிவறை இருக்கு, சொல்லுங்க அண்ணே," என்றார் அவர்.

பெட்ரோல் நிலையம், கோயில், சீனர் காப்பிக்கடை என்று, எதில் தாழ்ப்பாள் இல்லை என்பது உட்பட ஒப்பித்தேன்.

"ஞாபகம் நல்லாத்தானே இருக்கு லா! தொடர்பு இருக்கலாம்னுதான் சொல்றாங்க, இன்னும் உறுதியில்ல. ஆனா குடலும் மூளையும் ஓயாம பேசிக்கிட்டே இருக்கு. கீழ எரிஞ்சா மேலயும் சேதி போகும். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். சாக்கடைக் குழாய் என்று நான் திட்டிய குடல், என் மனைவியின் முகம் பதிந்திருக்கும் மூளையோடு பிறந்தது முதல் பேசி வந்திருக்கிறது!

இப்போது தினமும் காலையில், ரப்பர் தோட்டத்துப் பெரட்டில் வேலையாட்களைப் பெயர் சொல்லிக் கணக்கெடுப்பதுபோல மனைவி என் பெயரை உரக்கக் கூப்பிட்டு மாத்திரையை நீட்டுகிறாள். அது என் பெயர் என்று தெரிவதே பெரிய அதிசயமாக இருக்கிறது. உடனே போய் நிற்கிறேன்.