பங்குனியில் இலையில்லாத வேலி

வெள்ளியங்கிரி நாற்பது ஆண்டுகளாக மல்லசமுத்திரம் பக்கம் கிளுவை மரக் குச்சிகளை ஊன்றி உயிர்வேலி நட்டு வந்தவர். தான் நட்ட குச்சி பட்டுப்போனதில்லை என்பது ஒன்றுதான் அவர் சொல்லிக்கொண்ட பெருமை. 1983இல் சின்னண்ணன் ரோட்டோரம் கோழிப்பண்ணை கட்டியபோது, கொட்டகைகளை மறைக்கப் பச்சை வேலி இருந்தால்தான் அனுமதி என்றார்கள் அதிகாரிகள். அந்த வேலை அவரிடம் வந்தது. ஐப்பசி மழையில் நட்டார், நன்றாகத் தழைத்தது.

அதிகாரி பார்வையிட வந்தது பங்குனியில். வெயிலுக்கு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளுவை வெறும் குச்சியாக நின்றது.

"என்னய்யா, வெறகை நட்டு வெச்சிருக்கீங்க?"

வெள்ளியங்கிரி ஒரு குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். தோலுக்குள் பச்சை இருந்தது. "உசுரு இருக்குதுங்க சாமி. ஒரு மழை பேஞ்சாப் போதுமுங்க."

"ரோட்டுல போறவன் சொரண்டிப் பார்த்துட்டா போவான்?"

அதில் தவறு சொல்ல முடியாது. மறைப்பதற்கு வைத்த வேலி மறைக்கவில்லை. உயிரோடிருப்பது மட்டும் போதாது என்று வெள்ளியங்கிரிக்கு அன்றுதான் பட்டது.

சின்னண்ணன் வேலியைப் பிடுங்கி ரோட்டோரம் குவித்துவிட்டு, சுவர் எழுப்பிப் பச்சை பெயின்ட் அடித்தார். அனுமதி கிடைத்தது.

வைகாசியில் மழை பெய்தது. அந்த வழியாக வந்த வெள்ளியங்கிரி சைக்கிளை நிறுத்தினார். பிடுங்கிப் போட்ட குவியல் முழுக்கத் துளிர்த்திருந்தது.

கேட்டருகே நின்ற சின்னண்ணன் சிரித்தார். "ஏனுங்க, நீங்க சொன்னாப்புலயே தழைச்சுப் போச்சுங்களே!"

"ஆமாங்க" என்றார் வெள்ளியங்கிரி.

வேறெங்காவது நட ஒரு கட்டு எடுத்துக் கேரியரில் வைக்கலாமா என்று யோசித்தார். பிறகு வைக்காமலே சைக்கிளை மிதித்துப் போனார்.