என் தோழியின் அப்பாவுக்குத் தூக்கு

ஒன்பதாம் வகுப்பில் சரித்திர டீச்சர் பழைய காலத்து மரண தண்டனைகளைச் சொன்ன அன்று, வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. கழுவில் ஏற்றுவது, யானைக்காலில் இடறவைப்பது, எங்கள் வேலூர்க் கோட்டையிலேயே வெள்ளைக்காரர்கள் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது. "இப்போ அதெல்லாம் இல்ல, தூக்கு மட்டும்தான்" என்று அவர் முடித்தபோது, என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

தேடிப் போனேன். குழாயடியில் நின்றிருந்தாள்.

"எங்கப்பாக்குத் தூக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்கடி. இங்க ஜெயில்லதான் இருக்காரு."

அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் யாருக்கும் அது தெரியாது. சொத்துப் பாகத் தகராறில் அவள் அப்பா, அவள் மாமாவையும் அத்தையையும் வெட்டிக் கொன்றிருந்தார். அந்த மாமாதான் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

சனிக்கிழமை அவளை சத்துவாச்சாரிக்கு, எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாப்பிடும்போது, நர்ஸாக இருந்த என் அம்மாவிடம் கேட்டாள். "ஆண்டி, தூக்குல போட்டா ரொம்ப நேரம் வலிக்குமா?"

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. "தெரியாதும்மா. பொழைக்கவெக்கிற எடத்துலயே இருந்துட்டேன்." நான் முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் பிறகு கேட்டாள், "அப்பாவப் போய்ப் பாத்தியா?"

"அம்மா வுடல."

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற அவள் அம்மாவை என் அம்மா போய்ப் பார்த்தாள். "அக்கா, செத்தது என் கூடப்பொறந்த தம்பி. நான் வரமாட்டேன். அவ வேணா போவட்டும்" என்றாராம்.

ஜெயிலில் பார்க்க மனு போட்டு, அம்மா, அவள், நான் மூவரும் போனோம். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் வந்த மனிதர் மெலிந்திருந்தார். மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வளந்துட்டியேம்மா. திரும்பி நில்லு, ஜடை எவ்ளோ நீளம்னு பாக்கறேன்."

அவள் திரும்பினாள். எங்களைப் பார்த்து நின்றபடி சத்தமில்லாமல் அழுதாள். பின்னால் அவர், "நல்லா நீளமா இருக்குதே" என்று சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். அதன்பின் ஒவ்வொரு மனுவுக்கும் போனாள்.

ஹைகோர்ட் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

பல வருஷம் கழித்து விடுதலையாகி, மகளின் கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்துக்குள் நுழையாமல் ரோட்டோரம் நின்றுவிட்டார். கூப்பிடலாமா என்று நான் தயங்கும்போதே அவள் அம்மா வெளியே போனார். தீர்ப்புக்குப் பிறகு அவர் தன் புருஷனிடம் பேசியதே இல்லை.

"வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிறீங்க? உள்ள வந்து சாப்டுங்க."

கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அவள் அம்மாவே பரிமாறினார். இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.