தெருவின் நாய்க்கு நான் கட்டிய பட்டை

ஜெர்மனியின் பிரேமன் நகரத்தில் மழை பெய்கிற நாளில் ட்ராமுக்குள் ஏறினால் முதலில் மூக்கில் ஏறுவது நனைந்த நாயின் வாசம். ஈரச் சாக்கும் புளித்த மோரும் கலந்தது மாதிரி ஒரு வாசம். நாய் தன்னை வளர்ப்பவரின் காலடியில் படுத்திருக்கும். அதற்கும் பயணச்சீட்டு உண்டு. அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு நாய் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும், குரைக்காது. நான் இங்கே வந்து பதினேழு வருடமாகிறது, இன்னும் அந்த மௌனம் எனக்குப் பழகவில்லை. நாய் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும் என்று காது எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. வாசம் மட்டும் அச்சு அசலாக ஊர் வாசம். கண்ணை மூடினால் ட்ராம் ஒரு கீற்றுப் பந்தலாகிவிடும். பந்தலின் ஓரத்தில் மழைக்கு ஒதுங்கிச் சுருண்டு கிடக்கும் ஒரு செவலை நாய். அந்த நாய்க்கு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். என்னைப்போல வெளியே வந்தவர்கள் சிரிப்பார்களா, தெரியவில்லை.

வந்த முதல் மாதம் ஒரு ரொட்டிக்கடை வாசலில் கறுப்பு நாய் ஒன்றைக் கட்டிப் போட்டிருந்தார்கள். என் கையில் சூடான ரொட்டி. அது பார்த்த பார்வையில் பாதியைப் பிய்த்துப் போட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி ஓடிவந்து, "கேட்டீர்களா?" என்றார். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை ஜெர்மனில், "கேட்டேன், வேண்டும் என்றது" என்று பதில் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது வாலாட்டியதை நான் பார்த்தேன். அந்த அம்மாள் நாயின் வாயைத் திறந்து ரொட்டியை விரலால் தோண்டி எடுத்துவிட்டு, என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். இங்கே ஒவ்வொரு நாய்க்கும் ஆள் உண்டு, நகராட்சிக்கு வருடா வருடம் ஹுண்டெஸ்டொயர் என்கிற நாய் வரி உண்டு, கழுத்தில் எண் பொறித்த வில்லை உண்டு, அதன் வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு கவளத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது.

அதே நாய்தான் எனக்கு இந்த ஊரைத் திறந்தும் விட்டது. அதாவது அதே கறுப்பு நாய் இல்லை, எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஹெல்காவின் ஒட்டோ. ஹெல்காவுக்கு இடுப்பு வலி வந்த ஒரு குளிர்காலத்தில், காலை நடைக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். எட்டு வருடம் அந்தத் தெருவில் தனியாக நடந்திருக்கிறேன். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கையில் நாய்க்கயிறோடு நடந்த முதல் நாளே ஆறு பேர் "மொய்ன்" என்று வணக்கம் சொன்னார்கள். மறு வாரம் நின்று பேசினார்கள். பிறகு பூங்காவில் ஒரு கூட்டத்தில் நானும் ஒருவன். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. நாயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். லோட்டாவின் அம்மா, பால்ட்டோவின் அப்பா, ஒட்டோவைக் கூட்டிவரும் அந்த இந்தியன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு கயிறு, ஒரு முனையில் நாய், மறுமுனையில் நான். ஒரு தெருவுக்குள் நுழைய அதுதான் சீட்டு என்று என் உடம்பு கற்றுக்கொண்டது. கற்றதை ஊருக்குப் போகும்போது பெட்டியில் எடுத்து வைக்க வேண்டியதில்லை. அது தானாகவே கூட வந்துவிடுகிறது.

போன ஆவணிக் கடைசியில் என் ஊரான காரைக்குடிக்குப் போனேன். ரெஜினா அக்காவுக்கு முழங்கால் மாற்று அறுவை. கணக்கு டீச்சராக முப்பது வருடம் நின்றே தேய்ந்த முழங்கால். பத்து வாரம் சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு, அவளுக்குச் சமைத்துப்போட்டு, நடைசட்டத்தைப் பிடித்து நடக்க வைக்கப் போனேன். அக்கா வாடகைக்கு இருந்த தெருவில் அந்தச் செவலை இருந்தது. ஒரு காது மடிந்த ஆண் நாய். அதற்கு இருந்த பெயர்களை நான் எண்ணவில்லை. எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பாண்டியம்மாவுக்கு அது மணி. முக்கில் டீக்கடை போட்டிருக்கும் முத்தையாவுக்கு வெறும் "டேய்". காலையில் டீக்கடையில் ஒரு பொறை ரொட்டி, மத்தியானம் இஸ்திரி வண்டிக்கடியில் குழம்புச் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஜவ்வு, இடையில் எந்த வீட்டு வாசலிலும் கிடைத்தது. யாரும் அதைக் கூப்பிட்டு ஊட்டவில்லை, யாரும் பட்டினி போடவுமில்லை.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அக்கா தூங்குகிற நேரத்தில் மாட்டுத்தீவனக் கடைக்குப் போய் ஒரு சிவப்புக் கழுத்துப் பட்டையும் கயிறும் கேட்டேன். கடைக்காரர் செல்வம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன பிரீடு அண்ணே?" என்றார். தெருநாய் என்றேன். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் என்னை ஊரின் நாய்ப் பிரியர்கள் வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். முப்பது சொச்சம் பேர். அங்கேயும் அதே வழக்கம்தான்: ஜூலி அம்மா, சீசர் அப்பா, ராஜபாளையம் சார். பாதிப் பேர் வீட்டில் வளர்ப்பவர்கள், மீதிப் பேர் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள். இரு தரப்புக்கும் வாரம் ஒரு சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து தெருத்தெருவாகத் தடுப்பூசி போட்டார்கள். செவலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். நோட்டில் எழுத ஒரு பெயர் கேட்டார்கள். ப்ரூனோ என்றேன். அன்றிலிருந்து குழுவில் நான் ப்ரூனோ அண்ணன்.

"வெளிநாட்டுல இருந்து வந்து நம்ம தெருநாயக் கையில பிடிச்சிருக்கீக. நம்ம ஆளுகளுக்கு உங்களப் பாத்தாவது புத்தி வரட்டும்ணே" என்று செல்வம் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

அதன்பிறகு விடியற்காலையில் ப்ரூனோவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரை வரை நடந்தேன். அது வெளிக்குப் போன இடத்தில் குனிந்து பையில் அள்ளினேன். முதல் நாள் தெரு மொத்தமும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பாண்டியம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "தம்பி, அத வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன செய்யப் போறீக?" என்று கேட்டார். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ராத்திரி வராந்தாவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். எலும்பில்லாத கோழி, மஞ்சள் மட்டும் போட்ட சோறு. பிரேமனில் நடந்தது இங்கும் நடக்கும், நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நான் விட்டுப்போன ஊர் பேச வரும் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மூன்றாவது வாரம் டீக்கடையில் முத்தையா வழக்கம்போல ஒரு பொறையை எடுத்து வீசினான். என்னோடு பள்ளியில் படித்தவன், அடையாளம் கண்ட நாளிலிருந்து மாப்ள, மாப்ள என்று உருகுகிறவன். நான் குனிந்து பொறையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நாய்க்குச் சீனி ஆகாது முத்தையா. இனிமே எது குடுக்குறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடு. மத்தவுககிட்டயும் சொல்லிரு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் டம்ளருக்குள் பார்த்தார்கள். முத்தையா பொறையை எடுத்துத் திரும்பப் பாட்டிலுக்குள் போட்டு மூடியைத் திருகினான். "கேட்டுட்டுப் போடணும். சரிங்க சார்" என்றான்.

அந்தச் 'சார்' எனக்கு அன்று உறைக்கவில்லை. அக்காவைப் பரிசோதனைக்கு மதுரைக்குக் கூட்டிப்போய், அங்கே அத்தை மகள் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பிய சாயங்காலம்தான் உறைத்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே ப்ரூனோ ஒடுங்கிப் படுத்திருந்தது. எழுந்து வரக்கூட நேரமாயிற்று. தோளில் கடிபட்ட காயம். வேறு எங்கோ போய்த் தீனி தேடி, அங்கிருந்த நாய்கள் விரட்டியிருக்க வேண்டும். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்பது விலாவைப் பார்த்தாலே தெரிந்தது. கோபத்தில் நேராக இஸ்திரி வண்டிக்குப் போனேன்.

"ஒரு வாய்ச் சோறு வைக்கலையாக்கா?"

பாண்டியம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை. "ஒங்க நாயில்ல தம்பி அது. பெல்ட்டுப் போட்ட நாயிக்கு ஊருல எவனும் சோறு வைக்க மாட்டான். அதுக்கு மேல, கேட்டுட்டுப் போடச் சொன்னீக. ஊர்ல இல்லாதவுகள எங்குட்டுப் போயிக் கேக்குறது?"

"நான் அந்த அர்த்தத்துல…"

"இத்தன வருசமா ஒருத்தருகிட்டயும் கேக்காம திண்டுச்சு. இப்பக் கேட்டுத் திங்கணும்னு ஆயிருச்சு. நான் என்ன செய்யட்டும்?"

அந்தத் தெருவில் பட்டை என்பது ஒரு அறிவிப்பு: இதற்கு ஒரு வீடு இருக்கிறது, மற்றவர்கள் கையை எடுத்துக்கொள்ளலாம். பத்து வாசலில் சாப்பிட்ட உயிரை நான் ஒரு வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டேன். அந்த ஒரு வாசலும் இன்னும் நாலு வாரத்தில் விமானம் ஏறப்போகிறது.

குழுவில் எழுதினேன். ஆளுக்கொரு யோசனை. கூடவே கூட்டிப் போங்கள் என்றார் ஜூலி அம்மா. விசாரித்தேன், தோலுக்கடியில் அடையாளச் சில்லு பதித்து, ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, அதன்பின் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிப் போனாலும் மூன்றாம் மாடி, ஒற்றை அறை, நான் வேலைக்குப் போய் வரும்வரை பூட்டிய கதவு. தேவகோட்டையில் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஆசையாக வாங்கிப் போனார். மூன்றாம் நாள் ஆட்டோவில் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். "கட்டுனா ஊளையிடுது, அவுத்தா ரோட்டப் பாத்து ஓடுது. பஸ்ஸுல அடிபட்டுச் செத்தா அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க?" என்றார். மிச்சம் அக்கா.

"நானே நாலு காலுல நடக்கேன்" என்றாள் அக்கா, நடைசட்டத்தைத் தட்டி. "இன்னொரு நாலு கால் ஊடால வந்தா விழுந்து மறுபடி ஆப்பரேசன்தான். டேய், பாவம் பாக்குறேன்னு அதுக்கு இருந்த தெருவ நீதான் பிடுங்குன. நீயே திருப்பிக் குடு."

திருப்பிக் கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முதலில் பட்டையைக் கழற்றினேன். கழுத்தைச் சுற்றி முடி அமுங்கி ஒரு கோடு கிடந்தது. நாய் பின்னங்காலால் அந்த இடத்தையே சொறிந்துகொண்டிருந்தது. பிறகு வீடு வீடாகப் போனேன். கேட்காமல் போடுங்கள் என்று கேட்டேன். சில வீடுகளில் காபி கொடுத்தார்கள். டீக்கடையில் நின்றபோது முத்தையா பாட்டிலைத் துடைத்துக்கொண்டே, "இப்பச் சீனி ஆகுமா சார்?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. தலையைக் குனிந்துகொண்டு ஆகும் என்றேன்.

பாண்டியம்மாதான் வழி சொன்னார். "நான் சோறு வைக்கிறப்ப நீங்க வெளிய தல காட்டக் கூடாது. ஒங்க செருப்புச் சத்தம் கேட்டாலே அது அங்குட்டு ஓடியாந்துருது." அப்படியே செய்தேன். கேட்டுக்குள் சோறு வைப்பதை நிறுத்தினேன். முதல் நாள் மத்தியானம் அது வண்டிக்கடியில் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு எங்கள் கேட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் கதவுக்குப் பின்னால் நான். இரண்டாம் நாளும் அப்படியே. அக்கா கட்டிலில் இருந்தபடி என்னிடம், "போயிறாத, போயிறாத" என்று பரீட்சை அறையில் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பாதி தின்றது. செல்வம் இரண்டு தடவை வந்து தோள் காயத்துக்கு மருந்து அடித்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை, நானும் வெளியே போகவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் டீக்கடைப் பந்தலின் கீழ் அது படுத்திருப்பதைக் குடைக்குள்ளிருந்து பார்த்தேன். முத்தையா திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையால் ஒரு பொறையை வீசினான். அது காற்றிலேயே கவ்வியது. நான் நெருங்கியதும், "டீயா சார்?" என்றான். நாயைத் தெரு திரும்ப எடுத்துக்கொண்டது. எனக்கு அந்த 'மாப்ள' திரும்பக் கிடைக்கவில்லை. பிரேமனிலும் நான் ஒட்டோவைக் கூட்டிவரும் இந்தியன்தான். அங்கே அது உள்ளே விடுகிற பெயர், இங்கே சார் என்பது வெளியே நிறுத்துகிற பெயர். இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதா என்று சில நாள் யோசிப்பேன், பிறகு வேலைக்கு நேரமாகிவிடும்.

கிளம்பிய அன்று பகல் பதினொரு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்தது. அக்கா நடைசட்டம் இல்லாமல் வாசல்வரை வந்து, என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள். பெட்டியை டிரைவர் ஏற்றினார். எதிரே இஸ்திரி வண்டிக்கடியில் அது முன்னங்காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மடிந்த காது மட்டும் அசைந்தது. எனக்குக் கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. பாண்டியம்மா இஸ்திரிப்பெட்டியோடு குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு தடவ தடவிட்டு வந்துர்றேங்க்கா."

"வேணாம். நேத்துத்தான் முழுச் சோறும் திண்டுச்சு."

"சாப்பிடலேன்னா ஒரு போன் போடுங்க."

"போட்டா? அங்குட்டிருந்து ஊட்டி விடுவீகளாக்கும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் பக்கம் திரும்பாம வண்டியில ஏறுங்க தம்பி. அது ஒங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கு."