வாழையடியில் கிடைத்த விளக்கு

புதுப் பித்தளை விளக்குகளை எங்கள் அலவத்துகொட வீட்டின் வாழையடியில் புதைத்து, பச்சை பிடித்ததும் அக்குறணைக் கடையில் பழஞ்சாமான் என்று விற்பது என் கணவரின் பிழைப்பு. அன்று அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். புதையல் தோண்டும் இருவர் கத்தியோடு வந்து, மண் ஒட்டிய விளக்கொன்றை மேசையில் வைத்தார்கள்.

"எவ்வளவு பழசு, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கணவரிடம் கேட்டான் ஒருவன்.

பாழாய்ப்போன அவர் வாய், பழக்கத்தில் "முந்நூறு வருஷம் இரிக்கும்" என்றது.

"அப்ப அலவத்துகொட ஊட்டு வாழையடிய முழுக்கத் தோண்டணும். பகல்ல அங்க ஒரு பொம்புள மட்டுந்தான்."

அந்தப் பொம்புள நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இது போலி. நானே பொதச்சது!" என்று கத்தினார் கணவர். கடையில் அவர் சொன்ன முதல் உண்மை அது.

"வெலயக் கொறைக்கப் பாக்கிறீங்க" என்று சிரித்தபடி, அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமாகப் போனார்கள்.