டீசி போட்ட நட்சத்திரம்

நாற்பத்தொரு வயதில்தான் டீசி மோங்கனுக்குச் சட்டையில் பெயர் குத்திக்கொள்ளும் வேலை கிடைத்தது. லாங்ஃபோர்டு சாலை ஓட்டலில், வரவேற்பு மேசையில். கேரவன் என்ற வண்டிவீடுகளில் வாழும் அயர்லாந்தின் நாடோடி இனமான டிராவலர் சனத்துக்கு வேலை வாங்கித்தரும் திட்டத்தில் பன்னிரண்டு வாரம் பயிற்சி முடித்தவள். அதற்கு முன் பத்தொன்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். முகவரியில் கேரவன் முகாம் என்று பார்த்ததுமே, கல்வீடுகளில் வாழும் ஊர்க்காரர்களுக்கு ஆள் தேவைப்படாமல் போய்விடும். "அட்ரஸ மாத்திப் போடுக்கா, பொழைச்சுக்குவ" என்று தங்கை பெர்னி தலைபாடாக அடித்துக்கொண்டாள். இருக்கிற இடத்தை ஒளித்து வாங்குகிற வேலை எனக்கு எதற்கு என்றுவிட்டாள் டீசி.

மேலாளர் கில்லிகன் அந்த முகவரியைப் படித்த பிறகும் சிரித்த முகமாகவே இருந்தார். அந்தச் சிரிப்புக்காகவே டீசி அவருக்கு உழைத்துக் கொட்டினாள். திட்டக்காரர்கள் வந்து இருவரையும் கைகுலுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். படம் அவள் கேரவனில் மாதா சிலைக்குப் பக்கத்தில் ஏறியது.

மூன்றாம் வாரம் கில்லிகன் ஒரு தாளை நீட்டினார். கல்யாணத்துக்கு ஓட்டல் மண்டபத்தைக் கேட்டவர்களின் பெயர்கள். இதில் உன் சனம் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் நன்றாகக் கவனிக்கலாம் என்றார். தெரியாமல் என்ன? மாப்பிள்ளை பெயரையும் பெண்ணின் தாய்வீட்டுப் பெயரையும் சொன்னால் போதும், தாத்தா யார், எந்தக் கல்லறையில் படுத்திருக்கிறார் என்பதுவரை டிராவலர் வீட்டில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். காசுக்குப் பெறாத அந்த அறிவை ஒருவர் வந்து கேட்கிறாரே என்று டீசி பூரித்துப் போனாள். வாராவாரம் தன் சனத்தின் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு வாரம் அந்தத் தாளில் பெர்னி மகள் ஷான்டெலின் பெயர் வந்தது. அக்கா தயவில் கிடைத்ததென்று ஒருவரும் பேசக்கூடாது என்று பெர்னி தானே போன் பண்ணிக் கேட்டிருந்தாள். டீசி அந்த நட்சத்திரத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டாள்.

ஒன்பது நாளில் பெர்னியின் போனுக்கு ஓட்டலிலிருந்து செய்தி போனது. அன்றைக்கு மண்டபம் காலி இல்லையாம். காலி என்று டீசிக்குத் தெரியும், பதிவேடு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று கில்லிகனிடம் போனாள்.

அவர் கதவைச் சாத்தினார். "கோவிச்சுக்காத டீசி. நீ வேற, அவங்க வேற. உன்னால எங்களுக்கு எவ்வளவு தலைவலி மிச்சம் தெரியுமா? இந்த வருஷம் டிராவலர் கல்யாணம் ஒண்ணுகூட உள்ள வரல."

ஒன்றுகூட வரவில்லை. அவள் நட்சத்திரம் போட்ட கேஷ் வீட்டுப் பெண், மாகன் வீட்டு இரட்டையர், இன்னும் யார் யாரோ. பாவி, கழுத்தை அறுத்துவிட்டான். அவன் வேலைக்கு வைத்தது அவளை இல்லை, ஆளை அடையாளம் காட்டும் கண்ணை. பெயர் வில்லையைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அவளுடைய கேரவனில் பெர்னியும் ஷான்டெலும் காத்திருந்தார்கள். புதுக் கல்யாணக் கவுன் கட்டிலில் கிடந்தது.

"ஊர்க்காரி மாதிரிதான்க்கா பேசுனேன். முகாம்னு மூச்சே விடல. அங்க எவ நம்மளக் காட்டிக் கொடுத்தா?"

தெரியாது என்றால் பெர்னி நம்பிவிடுவாள்.

"நான்தான்டி" என்றாள் டீசி.

பெர்னி முதலில் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டீசி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடித்த பெர்னி மகளைக் கைப்பிடித்து எழுப்பி, கவுனைச் சுருட்டிக்கொண்டு, எதிரே இருந்த தன் கேரவனுக்குப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த முகாமில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.