டவுன்விண்ட் சொன்ன பெண்

எங்கள் ஊர் விமானத் திடலின் கோபுரத்தில் உட்கார்ந்து, பயிற்சிக்குப் பறக்கிற குட்டி விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடுபாதையைச் சுற்றி ஒரு நீள்சதுரமாகத்தான் எல்லோரும் சுற்றுவார்கள். கருவடிக்குப்பம் பக்கம் ஏறித் திரும்பி, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு நேராக வந்ததும் ரேடியோவில் ‘டவுன்விண்ட்’ என்று சொல்ல வேண்டும். அங்கே யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இறங்குவதில் நம்பர் ஒன்.

நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற புத்தி. கருவடிக்குப்பத்தில் திரும்பும்போதே ‘டவுன்விண்ட்’ என்பார்கள். நானும் திட்டித் திட்டி ஓய்ந்துபோய், யார் சொன்னாலும் மனதுக்குள் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

அன்று காலை ஒரே மூட்டம். ஒன்றும் கண்ணுக்கு அகப்படவில்லை. ரொம்ப நாளாகப் பறக்கிற மாணவர் ஒருவர் ‘டவுன்விண்ட்’ என்றார். அவர் வாய் மூடுவதற்குள், தனியாகப் பறக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண்ணும் சொன்னாள். அதற்குள் இதுவும் துண்டு போடக் கற்றுக்கொண்டுவிட்டதா என்று எரிச்சல் வந்தது. அவருக்கு நம்பர் ஒன், அவர் பின்னால் போ என்று இவளுக்கு நம்பர் டூ கொடுத்தேன்.

“முன்னாடி யாரும் தெரியல சார்.” ரேடியோ இங்கிலீஷை விட்டுத் தமிழில் சொன்னாள்.

“இருக்காரு, நல்லா பாரு” என்றேன்.

மூட்டத்தைவிட்டு வெளியே வந்தபோது இரண்டும் ஒன்றின் தலைமேல் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பதை மூக்கு மறைக்கும். கீழே இருப்பவருக்கு இறக்கை மறைக்கும். இரண்டும் ஒரே வெள்ளை. மேலே இருப்பவரை ஏறச் சொல்ல வேண்டும். ஆள் மாற்றிச் சொன்னேனோ, இரண்டு உயிரும் போச்சு. எது யார்? கடவுளே, எது யார்?

நான் கொடுத்த வரிசைப்படி முன்னால் போய்க் கீழே இருக்க வேண்டியவர் அவர். அவள் சொன்னது நிஜமானால் கீழே இருப்பது அவள். முன்னாடி யாரும் தெரியல என்றாளே! ஐயோ, அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அவருடைய விமானத்தைக் கூப்பிட்டு, “ஏறுங்க, ஏறுங்க!” என்று கத்தினேன். “நீ அப்படியே எறங்கும்மா!” மேலே இருந்தது மூக்கைத் தூக்கியது. கீழே இருந்தது தரையைத் தொட்டது.

அரைமணி கழித்து அவள் கோபுரப் படியேறி வந்தாள். அழுத முகம்.

“சாரி சார். நான் லேட்டா சொல்லிட்டேன் போல. எல்லாரும் கருவடிக்குப்பத்துலயே சொல்லிடுவாங்களாமே, எனக்குத் தெரியாது. இனிமே நானும் அங்கயே சொல்லிடறேன்.”

நீதாம்மா சரியாகச் சொன்னாய், நம்பாதவன் நான் என்று அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். நடந்ததை எழுதவேண்டிய படிவம் மேஜைமேல் வெறுமையாகக் கிடந்தது.

“சரி, போ” என்றேன்.